கணவன், மனைவி இருவரும் வருமான வரியைத் திட்டமிடுவது எப்படி? மொய்ப் பணம் முதல் ஐடிஆர் வரை முழு வழிகாட்டி

இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கு (ஐடிஆர்) தாக்கல் செய்ய வழியில்லை. இருவரும் தனித்தனி வரிதாரர்கள். ஆனால் ஒருவர் பணம் மற்றவர் பெயருக்குப் போனால் சட்டம் இருவரையும் சேர்த்துப் பார்க்கும். புதிதாகத் திருமணமானவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். யார் பெயரில் முதலீடு இருக்கிறதோ வரியும் அவருக்குத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். துறை பார்ப்பது பணம் யாருடையது என்பதை.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். எந்த வருமானம் யாருடையது என்று தெரியாமல் கழிவுகள் அதிகமுள்ள பழைய வரி முறையா, விகிதம் குறைவான புதிய முறையா என்று கணக்குப் போட்டால் விடை தப்பாக வரும். பிரிவு எண்களும் தொகைகளும் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு உரியவை. அந்த ஆண்டுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இருவரின் பான், ஆதார், படிவம் 16 (அலுவலகம் தரும் சம்பள, வரிச் சான்று), எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், ஏஐஎஸ் அறிக்கை (உங்கள் பானில் பதிவான வட்டி, முதலீடு போன்றவற்றின் பட்டியல்), படிவம் 26ஏஎஸ் (உங்களிடம் பிடித்த வரியின் விவரம்). வீட்டுக் கடன் இருந்தால் வங்கி தரும் வட்டிச் சான்றிதழும் வேண்டும். ஏஐஎஸ்ஸை இருவரின் இ-ஃபைலிங் கணக்கிலும் தனித்தனியே உள்நுழைந்து பதிவிறக்குங்கள். மனைவியின் கணக்கில் இதுவரை உள்நுழைந்ததே இல்லை என்றால் ஜூலை மாதக் கடைசியில் அல்ல, இப்போதே கடவுச்சொல்லை உருவாக்கிவிடுங்கள்.

திருமணத்துக்குப் பின் பெயரோ இனிஷியலோ மாற்றியிருந்தால் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் அப்பா இனிஷியலும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருந்தால் கணக்கு சரிபார்ப்பில் தோற்று ரீஃபண்ட் நின்றுவிடும். கல்யாணம் ஆனதற்காகப் புதிய பான் வாங்கக் கூடாது. பழைய எண்ணிலேயே திருத்தம் செய்ய வேண்டும். இரண்டு பான் வைத்திருந்தால் ரூ.10,000 அபராதம் உண்டு.

2. மொய் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்

திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. கொடுத்தவர் உறவினராக இருந்தாலும் நண்பராக இருந்தாலும், தொகை எவ்வளவாக இருந்தாலும் இல்லை. ஆனால் இந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டுமே உரியது. பெண்ணின் அப்பா மொய்ப் பணம் முழுவதையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டால், உறவல்லாதவர்கள் தந்த பங்கு அந்த ஆண்டில் மொத்தம் ரூ.50,000-ஐத் தாண்டும்போது அவருடைய வருமானமாகிவிடும். ஆகவே மண்டபக் கணக்கு முடித்த கையோடு மணமக்கள் கணக்கிலேயே பணத்தைச் செலுத்துங்கள்.

காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா மொய்க்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே உறவினர் தந்ததற்கு வரி இல்லை. மற்றவர்கள் தந்ததற்கு ஆண்டுக்கு ரூ.50,000 வரம்பு. 'உறவினர்' என்பதற்குச் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், துணைவரின் உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் எல்லாம் அதில் உண்டு. சித்தப்பா மகன் இல்லை.

ரொக்கத்தில் இன்னொரு வரம்பும் இருக்கிறது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒரே நபரிடமிருந்து ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. தாய்மாமன் ஐந்து லட்சம் செய்கிறார் என்றால் வங்கி வழியாகவோ காசோலையாகவோ வாங்குங்கள்.

மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கும். கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறியது ஏன் என்று பின்னாளில் கேள்வி வந்தால் கையில் இருக்கும் சான்று அதுதான். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து வையுங்கள்.

நகைக்கும் ஒரு வார்த்தை. திருமணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரையிலான நகையைச் சோதனையின்போது பறிமுதல் செய்ய வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியம் 1994-இல் அறிவுறுத்தியது. அது பறிமுதலுக்கான எல்லை மட்டுமே. சீர் நகையின் பில்லை அம்மா வீட்டிலிருந்து வாங்கி வைப்பது எப்போதும் நல்லது.

3. ஒவ்வொரு வருமானத்துக்கும் உரியவரைக் குறியுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒரு தாளில் எல்லா டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், வாடகை, சிறுதொழில் வருமானத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முதல் பணம் யார் சம்பளத்திலிருந்து வந்தது என்று குறியுங்கள்.

கணவர் மனைவிக்குப் பணம் கொடுப்பதற்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் பிரிவு 64-இன்படி கணவர் வருமானத்தோடு சேரும். ஆடிட்டர்கள் இதைக் கிளப்பிங் என்பார்கள். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கணவர் ரூ.10 லட்சத்தை மனைவி பெயரில் 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போடுகிறார். ஆண்டு வட்டி ரூ.70,000. அது ஒவ்வோர் ஆண்டும் கணவர் கணக்கில்தான் வர வேண்டும். மனைவி அந்த ரூ.70,000-ஐ எடுத்து வேறு டெபாசிட்டில் போட்டால் அதில் வரும் ரூ.4,900 மனைவியுடையது. வட்டிக்கு வரும் வட்டியைக் கிளப்பிங் தொடாது. இதனால்தான் பரிசுப் பணத்தைக் குமுலேட்டிவ் டெபாசிட்டில் போட வேண்டாம் என்கிறோம். முதலும் வட்டியும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது யாருடையது என்று பிரிக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கும். வட்டியை மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை தனிக் கணக்கில் வாங்குங்கள்.

மனைவி தையல் கடை வைத்திருக்கிறார். ஏப்ரல் 1 அன்று கடையில் அவர் போட்டிருக்கும் முதல் ரூ.4 லட்சம், அதில் கணவர் கொடுத்தது ரூ.2 லட்சம் என்றால் அந்த ஆண்டு லாபத்தில் பாதி கணவர் வருமானத்தில் சேரும். கணக்கிடுவது ஆண்டின் முதல் நாள் நிலவரப்படி.

கணவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள நிறுவனம் மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால் அதுவும் கணவர் வருமானத்தில் சேரும். அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி மனைவிக்கு இருந்து, அதற்காகவே அந்தச் சம்பளம் என்றால் சேராது.

மாமனார், மாமியார் மருமகளுக்குக் கொடுக்கும் பணத்தில் வரும் வருமானமும் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். பலருக்கு இது தெரிவதில்லை. மாறாக, பெண்ணின் பெற்றோர் பெண்ணுக்குக் கொடுத்ததன் வருமானம் பெண்ணுடையதே. திருமணத்துக்கு முன்பே கைமாறிய சொத்துக்கும் கிளப்பிங் இல்லை. சொத்தைக் கொடுத்த நாளிலும் வருமானம் வரும் நாளிலும் கணவன்-மனைவி உறவு இருந்தால்தான் விதி பொருந்தும்.

இதிலிருந்து விலக நேர்மையான வழி ஒன்று உண்டு. கொடுப்பதைக் கடனாகக் கொடுங்கள். நியாயமான வட்டி, எழுத்து ஒப்பந்தம், வங்கி வழிப் பரிமாற்றம் மூன்றும் இருக்க வேண்டும். வட்டியை மனைவி உண்மையிலேயே கட்ட வேண்டும், கணவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். பத்திரம் மட்டும் எழுதி வட்டி கட்டாமல் விட்டால் அது பரிசுதான்.

4. வங்கிக் கணக்குகளைப் பிரியுங்கள்

இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் மிக எளிமையான, முழுக்கச் சட்டப்படியான ஏற்பாடு இது. அதிக வரி விகிதத்தில் இருப்பவர் சம்பளத்திலிருந்து வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போகட்டும். குறைந்த விகிதத்தில் இருப்பவர் சம்பளம் முதலீட்டுக்குப் போகட்டும்.

எவ்வளவு வித்தியாசம்? கணவர் சம்பளம் ரூ.18 லட்சம், மனைவி சம்பளம் ரூ.9 லட்சம், இருவரும் புதிய முறை என்று கொள்வோம். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் ரூ.75,000 நிலைக்கழிவு போக மனைவியின் வருமானம் ரூ.8,25,000. வருமானம் ரூ.12 லட்சம் வரை பிரிவு 87ஏ தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி பூஜ்யம். அவருடைய சம்பளத்தில் போட்ட டெபாசிட்டுக்கு ரூ.80,000 வட்டி வந்தாலும் பூஜ்யமே. அதே வட்டி கணவருடையதாக இருந்தால் 20 சதவீதமும், வரி மேல் வரியான செஸ்ஸும் சேர்த்து ரூ.16,640 போகும்.

மூன்று கணக்குகள் போதும்: கணவர் சம்பளக் கணக்கு, மனைவி சம்பளக் கணக்கு, வீட்டுச் செலவுக்கான கூட்டுக் கணக்கு. கூட்டுக் கணக்கிலிருந்து எந்த முதலீடும் செய்யாதீர்கள். இருவர் பணமும் கலந்த இடத்திலிருந்து போன முதலீட்டுக்கு உரியவர் யாரென்று நிரூபிப்பது கடினம்.

கூட்டு டெபாசிட்டில் வங்கி முதல் பெயருக்கு உரிய பானில்தான் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும். ஆகவே பணம் போட்டவரே முதல் பெயராக இருக்க வேண்டும். ஏற்கெனவே மாறிப் போயிருந்தால் வருமானமும் டிடிஎஸ்ஸும் இன்னாருக்கு உரியவை என்று வங்கியில் எழுதிக் கொடுத்து மாற்ற விதி 37பிஏ வழி தருகிறது.

இங்கே பரவலான தவறு படிவம் 15ஜி, அதாவது டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் உறுதிமொழி. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்று கணவர் பணத்தில் போட்ட டெபாசிட்டுக்கு 15ஜி கொடுத்துவிடுவார்கள். டிடிஎஸ் பிடிக்காமல் போகும்; கணவர் கணக்கிலும் வட்டி வராது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது வரியோடு வட்டியும் கட்ட வேண்டும்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் லாபத்தில் 87ஏ தள்ளுபடியை நம்ப வேண்டாம். பங்குசார் ஃபண்டின் நீண்டகால லாபத்தில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். மேலே சொன்ன மனைவிக்கு ரூ.2 லட்சம் லாபம் வந்தால் ரூ.75,000-க்கு செஸ்ஸோடு ரூ.9,750 கட்டியே ஆக வேண்டும். சம்பளத்துக்கு வரி பூஜ்யம் என்பதால் இது போகாது.

5. பழைய முறையா, புதிய முறையா: இருவருக்கும் தனித்தனியே பாருங்கள்

ஒருவர் பழைய முறையிலும் மற்றவர் புதிய முறையிலும் இருக்கலாம். இருவரும் ஒரே முறையில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ரூ.18 லட்சம் கணவருக்குப் புதிய முறையில் செஸ்ஸோடு வரி ரூ.1,50,800. பழைய முறையில் நிலைக்கழிவு ரூ.50,000, 80சி சேமிப்புக் கழிவு ரூ.1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி ரூ.2 லட்சம், தன் குடும்பத்துக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு ரூ.75,000, என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டம் ரூ.50,000 எல்லாம் கழித்தாலும் வரி ரூ.2,02,800 வரும். புதியதே லாபம். இவற்றோடு ரூ.2.4 லட்சம் வீட்டு வாடகைப்படிக் கழிவும் கிடைத்தால் பழைய முறை வரி ரூ.1,27,920 ஆகக் குறைந்து முந்திவிடும். சொந்த வீடு மதுரையில், வேலை சென்னையில் என்று இருப்பவர்களுக்கு இப்படி அமையும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ரூ.12 லட்சத்துக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் புதிய முறைதான். கழிவுகள் எல்லாவற்றையும் பழைய முறையில் இருக்கும் துணைவர் பக்கம் சேர்ப்பது அடுத்த படி.

6. கழிவுகளைப் பங்கிடுங்கள்

பழைய முறையில் இருப்பவர் தன் பணத்தில் கட்டியதற்கு மட்டுமே கழிவு. கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரிலான ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை யார் கட்டுகிறாரோ அவர் 80சி-யில் கோரலாம். பள்ளிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும், ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. நன்கொடை, வேன் கட்டணம், டெவலப்மென்ட் ஃபீஸ் சேராது. பள்ளி ரசீதில் டியூஷன் ஃபீஸைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

80டி மருத்துவக் காப்பீட்டில் தன் பெற்றோருக்குக் கட்டியதுதான் செல்லும். துணைவரின் பெற்றோருக்குச் செல்லாது. மாமியார் பாலிசிக்குக் கணவர் கட்டினால் கழிவு யாருக்கும் கிடைக்காமல் போகும். மனைவி பழைய முறையில் இருந்தால் அவர் கணக்கிலிருந்தே கட்டட்டும். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினாலும் கழிவு இல்லை.

வாடகை ரூ.30,000 என்றால் இருவரும் தலைக்கு ரூ.30,000 ரசீதை அவரவர் அலுவலகத்தில் கொடுக்கக் கூடாது. ரூ.18,000, ரூ.12,000 என்று உண்மையில் யார் எவ்வளவு கட்டினார்களோ அப்படிப் பிரியுங்கள். ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் கேட்கப்படும்; ஒரே பான் இரண்டு இடத்தில் முழு வாடகையோடு நின்றால் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டு வாடகைப்படிக் கழிவில் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உயர் வரம்பு தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும். கோவை, திருச்சி, மதுரைக்கு 40 சதவீதம்.

மனைவிக்குச் சொந்தமான வீட்டில் இருந்துகொண்டு அவருக்கு வாடகை கொடுக்கலாம், வங்கி வழியாக உண்மையில் கொடுத்து, அவர் அதை வருமானமாகக் காட்டினால். ஆனால் அந்த வீட்டைக் கணவரே மனைவிக்குப் பரிசாக எழுதிக் கொடுத்திருந்தால் பிரிவு 27 கணவரையே உரிமையாளராகக் கருதும். தன் வீட்டுக்குத் தானே வாடகை என்று கோர முடியாது.

7. இருவர் பெயரில் வீடு வாங்கும்போது

கழிவு இருவருக்கும் வேண்டுமென்றால் இருவரும் பத்திரத்தில் உரிமையாளராகவும், கடனில் கடனாளியாகவும், இஎம்ஐ கட்டுபவராகவும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் கழிவு போச்சு. வங்கி வற்புறுத்தியதால் மனைவியைக் கடனில் மட்டும் சேர்த்து, பத்திரத்தில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பத்திரம் பதிவதற்கு முன் பங்கு விகிதத்தை எழுதுங்கள். எழுதாவிட்டால் சமபங்கு என்று கொள்ள வாய்ப்பு உண்டு. கட்டிய பணமோ 70-க்கு 30 ஆக இருக்கும்.

ரூ.60 லட்சம் கடன், 8.5 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டி சுமார் ரூ.5 லட்சம். ஒருவர் மட்டும் என்றால் ரூ.2 லட்சம்தான் கழியும். சமபங்கில் இருவரும் பழைய முறையில் இருந்தால் தலைக்கு ரூ.2 லட்சம், ஆக ரூ.4 லட்சம். தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் புதிய முறையில் இந்த வட்டிக் கழிவே இல்லை. இருவரும் புதிய முறை என்றால் வரிக்காகக் கூட்டுக் கடன் எடுக்கத் தேவையில்லை.

விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து படிவம் 26க்யூபி தாக்கல் செய்ய வேண்டும். வாங்குபவர் ஒவ்வொருவரும், விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். ஒரு தம்பதி இன்னொரு தம்பதியிடம் வாங்கினால் நான்கு படிவங்கள். "என் பங்கு 50 லட்சத்துக்குள்தானே" என்ற வாதம் இனிச் செல்லாது. 2024 அக்டோபர் 1 முதல் மொத்த விலைதான் கணக்கு. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் நாளுக்கு ரூ.200 தாமதக் கட்டணம்.

தமிழ்நாட்டில் ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. நல்ல சலுகை, பயன்படுத்துங்கள். பணம் கணவருடையது என்றால் அந்தச் சொத்தின் வாடகை கணவர் கணக்கில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

8. பிள்ளைகள் பெயரில் போடும் பணம்

18 வயது நிரம்பாத பிள்ளையின் வட்டி வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். தாத்தா கொடுத்த பணமாக இருந்தாலும் அப்படித்தான். பழைய முறையில் பிள்ளைக்கு ரூ.1,500 கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. பிள்ளை தன் திறமையால் ஈட்டிய வருமானத்துக்கு இந்த விதி பொருந்தாது.

ஆகவே பிள்ளைகளுக்கு வட்டிக்கே வரி இல்லாத திட்டங்களைப் பாருங்கள். செல்வமகள் திட்டத்தில் பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது ரூ.250, அதிகம் ரூ.1.5 லட்சம், 15 ஆண்டு கட்டினால் 21-ஆம் ஆண்டில் முதிர்வு. ஒரு பெண் குழந்தைக்கு ஒரே கணக்கு. அப்பா ஒன்று, தாத்தா ஒன்று என்று இரண்டு தொடங்கினால் இரண்டாவது செல்லாது.

வேலைக்குப் போகாத மனைவியின் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கிலும் கணவர் போடலாம். கிளப்பிங் வந்தாலும் வட்டிக்கு வரி விலக்கு இருப்பதால் பாதிப்பில்லை. மனைவி கணக்கின் வரம்பு தனி ரூ.1.5 லட்சம். பிள்ளை கணக்குக்கு அப்படியில்லை. காப்பாளரின் கணக்கும் பிள்ளையின் கணக்கும் சேர்ந்துதான் ரூ.1.5 லட்சம்.

9. தாக்கல் செய்யும் நாளில்

கிளப்பிங் வருமானம் இருந்தால் ஐடிஆர்-2 எடுங்கள். தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3. அதில் எஸ்பிஐ (SPI) என்ற அட்டவணையில் துணைவர் அல்லது பிள்ளையின் பெயர், உறவு, தொகை எழுத வேண்டும். அதே தொகையை வட்டி அல்லது மூலதன லாபத் தலைப்பிலும் சேர்க்க வேண்டும். அட்டவணையில் மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் மொத்த வருமானம் குறைவாக நிற்கும்.

மனைவியின் ஏஐஎஸ்ஸில் அந்த வட்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். அங்கே கருத்துப் பகுதியில் 'இது வேறு பானுக்கு உரியது' என்ற தெரிவைத் தேர்ந்து கணவர் பானைக் கொடுங்கள். இல்லையென்றால் அவருக்கு வருமானத்தை மறைத்ததாக அறிவிப்பு வரும்.

முதலில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கைத் தயாரித்து, பிறகு மற்றவருடையதைத் தயாரியுங்கள். எந்த வருமானம் இங்கே வந்துவிட்டது என்று தெரிந்த பின்தான் அங்கே எதை விடலாம் என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.

சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. பழைய முறை வேண்டுபவர் அதற்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தாண்டினால் புதிய முறைதான். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் படிவம் 10-ஐஇஏ தனியே கொடுக்க வேண்டும். அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியே சரிபார்ப்பு முடிய வேண்டும். கணவர் தன் கணக்கைச் சரிபார்த்துவிட்டு மனைவியுடையதை மறந்துவிடுவதும் நடக்கிறது, அவர் ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருப்பதால். எண் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியும் வரலாம். அந்த வேலையை ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.